மே மாதத்தில் ஐந்து நாள் இங்கிலாந்து

வருகையின் நோக்கம் என்ன என்று படிவம் கேட்டது. பிரித்தானியாவின் பழைய கோட்டைகள், மடாலயங்கள், ஏரிகள், மலைகள் ஆகியவற்றைப் பார்ப்பது என்று எழுதினேன். ஜெர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் குசினி மேசை. பெப்ரவரி மழை யன்னலில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்து மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் பெரிய எழுத்தில் எழுதினேன்.

உண்மையான நோக்கம் வட இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையின் நாலாம் மாடியில் படுத்திருந்தது. என் தம்பி. கணையத்தில் புற்றுநோய். பதினெட்டு வருடமாக நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. சாகக் கிடக்கிற தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வேறு எந்த மனிதனும் அப்படித்தான் எழுதியிருப்பான். என்னால் எழுத முடியவில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் அகதிக் கோப்பில் அவன் எப்போதோ செத்துப்போனவன். அவனைச் சாகடித்தது நான்.

கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் ரயில் மாறி, கடைசியில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு நகரத்துக்கு என்னை அனுப்பியபோது எனக்கு இருபத்தாறு வயது. அகதிகள் விடுதியில் ஆறு பேருக்கு ஓர் அறை. விசாரணைக்கு முதல்நாள் ஆறு பேரில் ஐந்து பேர் எனக்கு வாத்தியார் ஆனார்கள்.

"வீடு எரிஞ்சதெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. எல்லாருக்கும் எரிஞ்சதுதான். அவங்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

"ஆள் செத்ததெண்டால்தான் நிமிந்து பாப்பினம்."

எனக்கும் ஒரு கதை இருந்தது. ஊரில் பிடிபட்டு, பதினொரு நாள் நான் ஓர் இராணுவ முகாமில் இருந்தேன். அந்தப் பதினொரு நாளில் எனக்குச் செய்யப்பட்டதைச் சொல்லவேண்டிய இடம் வந்தபோது, மொழிபெயர்ப்பாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், அவருடைய தங்கச்சி என்னோடு ரியூசனுக்கு வந்தவள். அவருக்கு முன்னால் எனக்கு வாய் எழவில்லை. நடந்ததை எல்லாம் எடுத்துத் தம்பியின் மேல் வைத்தேன். தம்பியைப் பிடித்தார்கள் என்றேன். தம்பியை இப்படி இப்படிச் செய்தார்கள் என்றேன். சொல்லிக்கொண்டே போனபோது கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. கொடுத்தேன். தட்டச்சு செய்த பெண் ஒரு கணம் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதையும் அடித்தாள். வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் தம்பி யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு இருந்திருப்பான்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தம்பியின் பெயரில் எனக்குக் கடிதம் வரக்கூடாது, ஏன் என்று கேட்கவேண்டாம் என்று. அம்மா கேட்கவில்லை. ஆனால் அவன் கேட்டு, எப்படியோ முழுவதையும் தெரிந்துகொண்டான்.

ஏழு வருடம் கழித்து அவன் லொறியில் ஒளித்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தான். சேர்ந்த கிழமையே தொலைபேசி எடுத்தான்.

"ஆர் கதைக்கிறது?"

"உன்ர செத்த தம்பி. சுகமோ அண்ணை?"

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நடுவில் வெட்டினான்.

"விடு. மனிசனெண்டால் ஆருக்கும் ஒரு பிரயோசனம் இருக்கவேணும்தானே. எனக்கு உயிரோட ஒண்டும் சரிவரேல்ல. செத்தாவது உனக்கொரு பேப்பர் எடுத்துத் தந்திட்டன்."

நாலு வயது இளையவன். என்னை 'நீ' என்றுதான் பேசுவான். அவனுக்குக் கோபம் வந்தால் மட்டும் நான் 'நீங்கள்' ஆகிவிடுவேன்.

அவன் ஒரு சின்ன நகரத்தில், எங்கள் ஆள் ஒருவர் நடத்திய பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றான். புதன்கிழமை லீவு. லீவு கிடைத்தால் எங்கள் சனம் லண்டனுக்கு ரயில் ஏறும். கோயில், சேலைக்கடை, கொத்துரொட்டி. இவன் புதன்கிழமை காலையில் நாள் முழுவதற்கும் ஒரு பஸ் ரிக்கற் எடுத்துக்கொண்டு, பாணுக்குள் சம்பல் வைத்துச் சுற்றிக்கொண்டு, கல்லுப் பார்க்கப் போய்விடுவான். கோட்டை, மடாலயம், உரோமர்கள் கட்டிய மதில், ஏரி. "உவன் போன பிறப்பில வெள்ளைக்காரப் பாதிரி" என்று கூட வேலை செய்தவர்கள் நக்கலடிப்பார்களாம். பின்னேரம் திரும்பி வந்து எனக்குத் தொலைபேசி எடுப்பான். புதன்கிழமைப் பின்னேரங்களில் நான் வேறு எங்கும் போனதில்லை.

"ஒரு மடாலயம் அண்ணை. கூரை இல்லை. தூணெல்லாம் அப்பிடியே நிக்குது, மேல வானம். நிலத்தில புல்லு. பாதிரிமார் பாடின இடத்தில செம்மறி மேயுது. முந்தி ஒரு அரசன் பாதிரிமாரோட கோவிச்சுக்கொண்டு எல்லா மடாலயத்தையும் மூடிப்போட்டானாம். மூடிப்போட்டு என்ன செய்தவன் தெரியுமோ? கூரையில கிடந்த ஈயத்தைக் கழட்டி உருக்கி எடுத்துக்கொண்டு போட்டான். ஈயம் போனாப்போல மழை உள்ள வந்திட்டுது. மிச்சத்தை மழை பாத்துக்கொண்டுது."

இன்னொரு புதன்: "மலை முழுக்கக் கல்லு மதில். சீமெந்து ஒரு சொட்டு இல்லை. கல்லுக்கு மேல கல்லு, சும்மா அடுக்கினது. ஆட்டுக்கு வேலி. நூறு இருநூறு வருசமா நிக்குதாம். எங்கட ஆக்கள் ஒரு மதில் கட்டினால் முதல் மழைக்கே பக்கத்து வீட்டுக்காரனோட வழக்கு."

நான் நகரத்து வைத்தியசாலைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைச்சாலை ஒன்றில் வேலை செய்தேன். படுக்கை விரிப்புகள் நீராவி உருளைகளுக்குள்ளால் வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து மடிக்கவேண்டும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து நான் அவனுடைய மலைகளை அதில் விரித்தேன். மூடுபனி அதுதான் என்று நினைத்தேன். ஏரியும் அதுதான். எதிர்முனையில் பிடித்திருந்த துருக்கிக்காரப் பெண், "எங்கே போய்விட்டாய், மடி" என்று அதட்டுவாள். அவன் அனுப்பிய சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் அலுமாரியில் ஒரு தட்டு நிறையச் சேர்ந்தன. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தூணுக்கு, வளைவுக்கு, பலகணிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியும். கால்வைத்துப் பார்க்காத ஒரு நாட்டை அத்தனை விபரமாகத் தெரிந்து வைத்திருந்தவன் வுப்பர்டாலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏன் போகவில்லை என்று கேட்டால், காரணம் ஒன்றல்ல. அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகத்தோடு விசா இல்லாமலே இங்கிலாந்து போகக்கூடிய வருடங்கள் இருந்தன. அப்போது, எல்லையில் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். வாற வருசம், வாற வருசம் என்றேன். பிறகு அந்தக் கதவையும் சாத்தி, விசா வேண்டும் என்றார்கள். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார்கள். அதற்கு அன்ராக் என்ற விண்ணப்பம் போடவேண்டும். போட்டால் பழைய கோப்பைத் திறப்பார்கள். திறந்தால் அதற்குள் தம்பி செத்துக் கிடப்பான். வெளியே உயிரோடு பெற்றோல் விற்றுக்கொண்டிருப்பான். நான் போடவில்லை. அவனுக்கோ அகதி வழக்கு முடியாமல் இழுபட்டதால் அவனாலும் இங்கே வரமுடியவில்லை. ஒருவழியாகப் பத்திரம் கையில் கிடைத்த அந்த மாரிகாலத்திலேயே வயிறு நோகத் தொடங்கியது.

"டொக்டர் சொல்லுறார், கோடை வரைக்கும் பிரச்சினை இல்லையாம்," என்றான் சனவரியில்.

"கோடைக்குப் பிறகு?"

"பிறகு அவர் லீவில போறாராம்."

நான் சிரிக்கவில்லை. பிறகு அவனே வழி சொன்னான். "அண்ணை, நீ என்னைப் பாக்க வரவேண்டாம். மடாலயம் பாக்க வா. ரூரிஸ்ட் எண்டு போட்டு விசா எடு. உனக்குத்தான் எல்லாம் பாடமாச்சே. வந்தால் ஆஸ்பத்திரி பஸ் தரிப்புக்குப் பக்கத்திலதான்."

அப்படித்தான் மாஸ்டர் எங்கள் குசினிக்கு வந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். வுப்பர்டாலில் எங்கள் ஆட்களுடைய படிவங்கள் எல்லாம் அவர் கையால்தான் போகும். பிழை விட்டதில்லை என்று அவருக்கு ஒரு பெயர். மனைவி தேத்தண்ணி வைத்தாள். வைத்த கையோடு தொடங்கினாள்.

"உள்ளதைச் சொல்லுங்கோவன். ஒரு மனிசன் சாகக் கிடக்கிறான். அவையும் மனிசர்தானே."

"பிள்ளை, உள்ளதைச் சொன்னால் இவர் இங்கிலாந்துக்குப் போகேலாது. கொழும்புக்குத்தான் போவார். ஒரு நாட்டுக்காரன் மற்ற நாட்டுக்காரனிட்டக் கேப்பான். இப்ப எல்லாம் கொம்பியூட்டர்."

"மாஸ்டர், நீங்கள் ஒருநாளும் ஒரு படிவத்திலயும் உள்ளதைச் சொல்லிப் பாத்ததில்லை. பிறகெப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது சரிதான்," என்று சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் அவர் பக்கம் இருந்தேன். இதை மறைக்க முடியாது. மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவள் குசினியை விட்டுப் போய்விட்டாள்.

அடுத்த கேள்வி, எப்போது போகப்போகிறாய் என்பது.

"அடுத்த கிழமை எண்டு போடுவம்," என்றேன்.

"விசரே உமக்கு? பெப்ரவரியில ஆர் அங்க மலை பாக்கப் போறது? குளிரும் மழையும். அந்தத் திகதியைப் பாத்த உடனேயே பிடிச்சுப்போடுவாங்கள், இது ரூரிஸ்ட் இல்லை, வேறென்னவோ அலுவல் எண்டு. ரூரிஸ்ட் எண்டால் ரூரிஸ்ட் மாதிரிப் போகவேணும். மே மாதம் போடும். பூப்பூக்கிற மாதம்."

இரண்டரை மாதம். நான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவன் மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவேண்டும் என்று விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"மாஸ்டர் விளங்கின மனிசன்," என்றான். "மே மாதம்தான் வடிவு. காட்டுக்குள்ள நிலம் முழுக்க ஒரு நீலப்பூ பூக்கும் அண்ணை, நிண்டு பாத்தால் தண்ணி மாதிரி இருக்கும். பெப்ரவரியில வந்து என்னத்தைப் பாக்கப்போறாய்? என்னையோ?"

அவன் தன் நாட்டுக் காட்சிகளில் ஒரு வீட்டுக்காரனைப்போலப் பெருமை வைத்திருந்தான். கூட்டிப் பெருக்காத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட விருப்பமில்லாதவன்போல. அல்லது மே மாதம் என்று ஒன்று தனக்கு இருக்கிறது என்று நம்ப விரும்பினான். நான் மே என்று எழுதினேன். ஐந்து நாள். எந்த நாள் எந்த இடம் என்று கட்டிலில் கிடந்தபடி அவனே சொன்னான். எந்த பஸ், எங்கே மாறவேண்டும் என்பதுவரை. எல்லா நாளும் பின்னேரம் நாலு மணிக்கு அந்த நகரத்துக்குத் திரும்பி வருவதுபோல அமைத்திருந்தான். நோயாளரைப் பார்க்கும் நேரம் நாலிலிருந்து எட்டு.

டியூசல்டோர்ஃபில், பிரித்தானியத் துணைத் தூதரகத்தில் நேர்முகம். கண்ணாடிக்கு அப்பால் ஒரு ஆங்கிலப் பெண். ஏன் லண்டன் இல்லை, ஏன் வடக்கு என்று கேட்டாள். நான் மடாலயத்தைச் சொன்னேன். ஈயத்தைச் சொன்னேன். தூண்களின் வரிசையையும் மேற்கு யன்னல் வெறும் ஓட்டையாக நிற்பதையும் மாலை வெயில் அதற்குள்ளால் புல்லில் விழுவதையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு அங்கே போனதாகவும், அன்றைக்கு மழை கொட்டியதாகவும், ஒரு வளைவின் கீழே ஒதுங்கி நின்று சாப்பிட்டதாகவும் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

"பிரித்தானியாவில் உறவினர் யாராவது?"

"இல்லை."

அவ்வளவு சுலபமாக வந்தது. முதல் தடவை அவனைக் கொல்ல எனக்கு அரை நாள் எடுத்தது. இந்தமுறை ஒரு சொல்.

விசா வந்தது. மே முதலாம் திகதியிலிருந்து செல்லும் என்று அச்சடித்திருந்தது. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாத்தீரோ?" என்றார்.

மார்ச் நடுப்பகுதியில் அவன் குரல் மெலிந்தது. இடம் பெயர்கள் மறந்துபோயின. ஒரு புதன்கிழமை, தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னான். பின்னால் வைத்தியசாலைத் தள்ளுவண்டிகளின் சத்தம் எனக்குக் கேட்டது. மனைவி என்னிடம் கேட்காமல் ஓர் அகதிகள் ஆலோசனை நிலையத்தில் ரேர்மீன், சந்திப்பு நேரம், எடுத்துவிட்டு வந்தாள். "நாளைக்குப் பத்து மணி. நான் வேலைக்குச் சொல்லிப்போட்டன். நீங்கள் வராட்டில் நானே போய் எல்லாத்தையும் சொல்லுவன்," என்றாள். போனேன்.

அங்கே நரைத்த தலையும் தடித்த கம்பளிச் சட்டையுமாக ஒரு ஜெர்மன் பெண். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் அதைச் சொன்னேன். பதினொரு நாளையும் சொன்னேன், அது யாருடையது என்றும் சொன்னேன். மனைவிக்கே அந்தப் பகுதி தெரியாது. பக்கத்துக் கதிரையில் அவள் அசையாமல் இருந்தாள். தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலால் போகும் சத்தம் யன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்ததும் அந்தப் பெண் ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை.

"செத்துவிட்டார் என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள். உயிரோடு இருப்பது பிறகு தெரியவந்தது. போரில் அப்படி நடக்கும். என் அப்பாவையும் செத்தவர் என்றுதான் பதிந்திருந்தார்கள். போர் முடிந்து நாலு வருடம் கழித்து ரஷ்யாவிலிருந்து நடந்து வந்தார். அதற்காக ஒருவரும் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போகவில்லை."

என் பொய்யைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான். வைத்தியரின் கடிதம் ஒன்று வேண்டும் என்றும், அது வந்தால் விசாத் திகதியை முன்னுக்கு எடுக்கத் தான் எழுதுவதாகவும், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் கிடைத்துவிடும் என்றும், அந்தப் பழைய கோப்பை இதற்காக யாரும் தேடிப் போகப்போவதில்லை என்றும் சொன்னாள். "சனவரியில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்," என்று கடைசியில், மெதுவாக, அதைக் குற்றமாகச் சொல்லாமல் சொன்னாள்.

அன்று பின்னேரம் தம்பிக்குச் சொன்னேன்.

"இதை நீங்கள் முதலே ஆரிட்டயாவது கேட்டிருக்கலாம்," என்றான்.

நீங்கள் என்றான். பிறகு, வியாழக்கிழமை பெரிய டொக்டர் வரும்போது கடிதம் கேட்பதாகச் சொன்னான். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

திங்கட்கிழமைவரை கடிதம் வரவில்லை. வைத்தியசாலைக்கு எடுத்தேன். தாதி மிகவும் மரியாதையாகக் கேட்டாள், நீங்கள் குடும்பத்தவரா என்று. ஓம், அண்ணன் என்றேன். தாள் புரட்டும் சத்தம். மன்னிக்கவேண்டும், இவர் தனக்குக் குடும்பம் என்று யாரையும் பதியவில்லை, என்னால் ஒன்றும் சொல்லமுடியாது என்றாள். பழைய கடித உறை ஒன்றில் பெற்றோல் நிலையத்தின் இலக்கம் இருந்தது. அங்கே எடுத்தேன்.

"அவர் நேற்றுக் காலமை போயிட்டார்," என்று ஓர் இளைஞர் சொன்னார். "நீங்கள் ஆர் கதைக்கிறது?"

தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

செத்த வீட்டுக்குப் போகமுடியவில்லை. விசா மே மாதத்துக்கு. முன்னுக்கு எடுக்கக் கடிதம் எழுதலாம் என்று ஆலோசனைப் பெண் சொன்னாள். வேண்டாம் என்றேன். எதற்கு என்று எனக்குள் ஒரு சோம்பல் வந்துவிட்டது. துக்கத்துக்கு அப்படி ஒரு சோம்பல் இருக்கிறது. ஏப்ரல் முழுவதும் விரிப்பு மடித்தேன். மே வந்தபோது மனைவி பையை அடுக்கி வாசலில் வைத்தாள். "போட்டு வாங்கோ. இல்லாட்டில் நீங்கள் இதிலேயே இருந்திடுவியள்," என்றாள்.

பஸ்ஸில் பெல்ஜியம், பிரான்ஸ், பிறகு கப்பல். டோவரின் வெள்ளைப் பாறைகள் அவனுடைய துண்டுப்பிரசுரத்தில் இருந்ததைவிட மஞ்சளாக இருந்தன. எல்லை அதிகாரி அதே கேள்விகளைக் கேட்டார். வருகையின் நோக்கம். காட்சிகள் பார்ப்பது. உறவினர் உண்டா. இல்லை. எல்லாம் உண்மையாகி இருந்தது. என் படிவத்தில் இப்போது ஒரு பொய்கூட இல்லை.

எவ்வளவு வடிவான நாடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரயில் வடக்கே போகப் போக நிலம் புரண்டு படுத்தது. மதில்கள் மலையேறின, அவன் சொன்னபடிதான், சீமெந்து இல்லாமல். ஆட்டுக்குட்டிகள் காரணமில்லாமல் துள்ளின. பாதைகளின் ஓரம் முழுவதும் வெள்ளைப் பூ. எதைப் பார்த்தாலும் அதைச் சொல்லுகிற குரல் காதுக்குள் முந்திக்கொண்டு வந்து, பாதியில் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு என் சப்பாத்தைப் பார்த்தபடி மிச்சத் தூரம் போனேன்.

பெற்றோல் நிலைய உரிமையாளர் நான் நினைத்ததைவிட இளமையானவர். நான் அவனுடைய அண்ணன் என்றதும், கல்லாவில் நின்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவருக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னவர். பத்து வருசம் என்னோட நிண்டவர். அண்ணன் எண்டு ஒரு கதை கதைக்கேல்ல. ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்தவர்."

"என்னாலதான்," என்றேன்.

"அப்ப ஏன் வரேல்ல?"

"விசா."

அவர் தலையாட்டினார். எங்களுக்குள் அந்த ஒரு சொல் போதும். மேலே யாரும் கேட்பதில்லை. அதற்குள் எவ்வளவையும் ஒளிக்கலாம். பத்து வருடம் அவனும் 'ஒருத்தரும் இல்லை' என்பதற்குள் என்னை ஒளித்து வைத்திருந்தான். யாருக்காவது சொல்லி, அது எங்காவது போய்ச் சேர்ந்து, எனக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று.

பின்னறையில், எஞ்சின் ஒயில் போத்தல்கள் அடுக்கிய இறாக்கையின் மேல்தட்டில் இருந்து ஒரு பச்சை பிளாஸ்ரிக் சாடியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அவனுடைய சாம்பல். மூடியில் பெயர் ஒட்டியிருந்தது.

"நீங்கள் கொண்டு போறதெண்டால் கொண்டு போங்கோ அண்ணை. பேப்பர் என்ர பேரில இருக்கு. நான் சைன் வைச்சுத் தாறன். ஆனால் உங்களுக்கு என்ன முறையெண்டு எழுதவேணுமாம்."

எனக்கு ஜெர்மனியின் சட்டம் தெரியும். சாம்பலை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். சவக்காலையில் இடம் எடுக்கவேண்டும். அதற்கும் ஓர் அன்ராக். அதிலும், இறந்தவர் உமக்கு என்ன முறை என்று ஒரு கோடு. தம்பி என்று எழுதவேண்டும். செத்த இடம், செத்த திகதி. ஒரே தம்பி இரண்டு தரம். ஆலோசனைப் பெண் சொன்னதை நான் மறக்கவில்லை. போரில் அப்படி நடக்கும், யாரும் தேடிப் போகப்போவதில்லை. எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியும், அந்தப் பச்சைச் சாடியில் வைத்த என் கை அதைத் தன் பக்கம் இழுக்கவில்லை. பதினெட்டு வருடத்துப் பயம் ஒரு பெண்ணின் பத்து நிமிடப் பேச்சுக்குக் கரைவதில்லை. இனி யாரைக் காப்பாற்ற இந்தப் பயம் என்று கேட்டுப் பார்த்தேன். ஆனாலும் பயம் இருந்தது.

"இஞ்சயே விட்டிடுவம்," என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு அடுத்த ஆள் வேலைக்கு வருவான், அவனிட்டத் திறப்புக் குடுக்கவேணும். இப்ப வெளிக்கிட்டால் போட்டு வந்திடலாம். மடாலயத்துக்குக் கீழ ஒரு ஆறு ஓடுது. அவருக்கு அந்த இடம் விருப்பம்."

காரில் சாடியை மடியில் வைத்திருந்தேன். பாரமாக இருந்தது, மனிதன் இவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. அவருடைய கைத்தொலைபேசி வழி முழுவதும் அடித்தது. டீசல் வண்டி வருகிறதாம், யாரோ சில்லறை இல்லை என்கிறார்களாம். "ஓம், ஓம், வாறன்," என்று அவர் கத்திக்கொண்டே வளைவுகளில் திரும்பினார். மடாலயம் திடீரென்று மரங்களுக்கு மேலால் எழும்பி நின்றது. அது இடிந்த கட்டடம்போல இல்லை. வேண்டுமென்றே அப்படிக் கட்டியதுபோல, மழைக்காகவே கட்டியதுபோல இருந்தது. நான் உள்ளே போகவில்லை. ஆறு கணுக்கால் ஆழம். இரண்டு பேரும் ஒரு கல்லில் குந்திக்கொண்டு ஊற்றினோம். காற்று கொஞ்சத்தை எடுத்துப் புல்லில் போட்டது. அந்தக் கரையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கம்பளம் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் கையசைத்தார்கள். நாங்களும் கையசைத்தோம். தேவாரம் ஒன்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன். முதல் வரிக்குப் பிறகு வரவில்லை. கல்லில் ஒட்டிய சாம்பலை அவர் கையால் தண்ணி அள்ளிக் கழுவிவிட்டார், கல்லாவைத் துடைப்பதுபோலத் துப்புரவாக.

கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்தார்.

"அண்ணை, அந்தத் தூணுக்கு முன்னால ஒருக்கா நில்லுங்கோ."

"ஏன்?"

"ஒரு படம் இருக்கட்டும். நீங்கள் ரூரிஸ்ட் விசாவிலயெல்லோ வந்தனீங்கள். நாளைக்கு ஆராவது கேட்டால் காட்டலாம்."

நின்றேன். "கொஞ்சம் சிரியுங்கோ," என்றார். "உப்பிடி நிண்டால் ரூரிஸ்ட் எண்டு ஒருத்தனும் நம்பான்."

மிச்ச நாலு நாளும் விடுதி அறையில் படுத்திருந்தேன். ஒரு கோட்டையையும் பார்க்கவில்லை. எந்த ஏரிக்கும் போகவில்லை. அவன் சொல்லித் தந்த பஸ்கள் எல்லாம் நான் இல்லாமல் அந்தந்த நேரத்துக்குப் போய் வந்திருக்கும்.

வுப்பர்டாலுக்கு வந்து மூன்றாம் கிழமை அந்தப் படம் தபாலில் வந்தது. பெற்றோல் நிலைய உரிமையாளர் கடை ஒன்றில் கொடுத்து அச்செடுத்திருந்தார். நல்ல வெயில். பின்னால் உயரத் தூண்கள், புல், நீல வானம். முன்னால் நடுத்தர வயதில் ஒருவன், தோளில் பை, பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு. மனைவி வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். திருப்பித் தந்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டாள்.

நான் படத்தின் பின்பக்கத்தில் இடத்தையும் திகதியையும் தெளிவாக எழுதினேன். ரயில் ரிக்கற், கப்பல் ரிக்கற், விடுதி ரசீது எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன். இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல என்னிடமும் ஒரு துளைபோடும் கருவி இருக்கிறது. படத்தை அதற்குள் வைத்து அழுத்தினேன். இரண்டு துளையும் வானத்தில் விழுந்தன. கோப்பில் கோத்து, மூடி, மற்றவற்றோடு நிறுத்தி வைத்தேன். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.